வேலூர் தினவாடகை ரூம்கள்: ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் எதைக் கேட்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 பிப்ரவரியில் நாம் தேர்ந்தெடுத்த மாநகராட்சி மன்றம் அந்த மார்ச்சில் பதவியேற்றது, அதன் காலம் ஐந்து வருடம். அடுத்த தேர்தல் என்ற பேச்சு எடுத்தாலே எங்கள் தெருவில் ரோடு, சாக்கடை, நாய்த் தொல்லைக்கு அடுத்தபடியாக வருவது இந்த ரூம் விவகாரம்தான். டீக்கடையிலும் மாடிப்படியிலும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன (சில சமயம் திட்டு வாங்கிக்கொண்டு சொன்ன) பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தினவாடகை ரூம் என்றால் எது? லாட்ஜும் அதுதானே?

இல்லை. காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் போர்டு மாட்டி, ரிசப்ஷன் வைத்து நடத்துவது லாட்ஜ். நான் சொல்வது குடியிருப்புத் தெருவில், கீழே வீட்டுக்காரர் குடியிருக்க, மேல் போர்ஷனை நாலு ரூமாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, இரண்டு பாத்திரம் வைத்து நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ விடுவதை. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) வரும் நோயாளியும் கூட வரும் அட்டெண்டருமாகக் குறைந்தது இரண்டு பேர். ஒரு டெஸ்ட், அதன் ரிசல்ட், அப்புறம் அடுத்த அப்பாயின்ட்மென்ட் என்று பத்து நாளில் போக நினைத்தவர்கள் நாற்பது நாள் இருப்பார்கள். அவர்களுக்குச் சமைக்க இடம் வேண்டும், லாட்ஜ் வாடகை கட்டாது.

காட்பாடிப் பக்கம் விஐடி பல்கலைக்கழகத்துக்காகப் பெற்றோர் வந்து தங்குவது, ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருகிறவர்கள் ஆப்பில் பதிவு செய்து தங்குவது எல்லாம் இதே வகைதான், ஆனால் அங்கே சீசன் உண்டு. ஆஸ்பத்திரிக்கு ஏது சீசன்?

இதில் உங்களுக்கு என்ன லாபம்?

நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் மாடியில் இரண்டு ரூம் விடுகிறோம். அதனால் நான் நடுநிலைவாதி இல்லை. அதே சமயம் எதிர்வீட்டில் ஆறு ரூமைப் பன்னிரண்டாக்கியதில் எங்கள் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி இரண்டு முறை எதிர்த்துக்கொண்டு வந்தது. ஆக, இரண்டு பக்கமும் எனக்குக் கோபம் உண்டு.

இதைப் போய் கவுன்சிலர் தேர்தலில் கேட்பதா? பெரிய இடத்துச் சமாச்சாரமாச்சே?

பாதி பெரிய இடம், பாதி நம் வார்டு. எது எங்கே என்று தெரியாததால்தான் வேட்பாளர்கள் "மேலே பேசுறேன்" என்று சொல்லித் தப்பித்துப் போகிறார்கள். 2016-லிருந்து 2022 வரை மன்றமே இல்லை, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். அந்த ஆறு வருடத்தில் எங்கள் தெருவில் எத்தனை மாடி ரூமாக மாறியது என்று எண்ணிப் பார்த்தேன், ஒரு கையின் விரல்கள் போதவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது என்றே அப்போது யாருக்கும் தெரியவில்லை.

போன தடவை வேட்பாளர்கள் என்ன சொன்னார்கள்?

எங்கள் வாசலுக்கு வந்தவர்களிடம் கேட்டதை வைத்துச் சொல்கிறேன். கட்சி, பெயர் வேண்டாம், ஏனென்றால் ஒரே கட்சிக்காரர்கள் பக்கத்துப் பக்கத்து வார்டில் நேர் எதிராகப் பேசினார்கள். வார்டு தேர்தலில் கட்சியின் கொள்கை என்று இதற்கு எதுவும் கிடையாது, அவரவர் தெருவின் கொள்கைதான்.

ஒருவர் வந்த வேகத்தில், "எல்லாத்தையும் சீல் வெச்சிடுவேன் சார், வெளியூர்க்காரங்களால நம்ம பொண்ணுங்க தெருவுல நடக்க முடியல" என்றார். கூட நின்ற இரண்டு பேர் கை தட்டினார்கள். அதில் ஒருவர் மூன்று ரூம் விடுகிறவர்.

இன்னொருவர் நேர் எதிர். "உசுருக்குப் போராடுற ஏழைங்கம்மா, அவங்க மேல கை வெச்சா பாவம்" என்று என் அம்மாவிடம் உருகினார். அம்மா ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினார்கள். பிறகுதான் தெரிந்தது, அவர் மச்சானுக்குத் தோட்டப்பாளையத்தில் இருபது ரூம்.

மூன்றாவது வகைதான் அதிகம்: "இன்னா பண்றதுண்ணே, கமிஷனர்கிட்ட பேசி நல்லது செய்றோம்." இதற்குப் பொருள், அதற்கு மேல் யோசிக்கவில்லை என்பது.

ஒரே ஒரு அக்கா மட்டும் திருப்பிக் கேட்டார்: "உங்க தெருவுல எத்தன ரூம் இருக்கு? யாராச்சும் கணக்கு எடுத்திருக்காங்களா?" யாரும் எடுக்கவில்லை. அவர் தோற்றுவிட்டார், அது வேறு கதை.

சீல் வைப்பதில் என்ன தப்பு? எங்களுக்கு நிம்மதிதானே?

ஒரு வாரத்துக்கு நிம்மதி. காலையில் ஓ.பி.க்கு வந்தவர்கள் எங்கே தூங்குவார்கள்? வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா என்று இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்து காட்பாடியில் இறங்குகிறவர்கள், ரூம் இல்லை என்பதற்காகத் திரும்பிப் போகப் போவதில்லை. இன்னும் உள்ளே தள்ளியிருக்கும் தெருவில், இன்னும் ரகசியமாக, இன்னும் கூடுதல் கமிஷனோடு ரூம் எடுப்பார்கள்.

இந்த ஊர் 1900-ல் சிஎம்சியை நிறுவிய ஐடா ஸ்கடர் ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்த நாளிலிருந்து நோயாளிகளை வைத்துத்தான் வளர்ந்திருக்கிறது. காந்தி ரோட்டில் வங்காள எழுத்தில் போர்டு, மருந்துக்கடைப் பையன் இந்தியும் வங்காளியும் பேசுவது, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மாடியிலிருந்து இறங்கும் கடுகெண்ணெய் வாசம், எல்லாம் அந்த வகையில் வந்ததுதான். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்தவருக்கு விசா குறைந்தபோது ரூம்காரர் முதல் இட்லிக்கடைக்காரர் வரை புலம்பியதைப் பார்த்தோமே. மூடு என்று மேடையில் சொல்வது சுலபம், மறுநாள் காலை அதே தெருவில் பால் பாக்கெட் விற்கிறவர் வந்து நிற்பார்.

அப்படியானால் மாநகராட்சியால் என்னதான் முடியும்?

நிறையவே முடியும், இதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம்.

முதலில் சொத்துவரி. வீட்டுக்கு ஒரு கணக்கு, வணிகத்துக்கு வேறு கணக்கு. 2022 ஏப்ரலில் வரியை உயர்த்தியபோதே 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 100 சதவீதம் என்று படிப்படியாக வைத்தார்கள், வணிகக் கட்டடத்துக்கு நேராக 100 சதவீதம். பன்னிரண்டு ரூம் விடுகிற கட்டடம் ஏட்டில் இன்னும் 'குடியிருப்பு' என்றே இருந்தால், அந்த இடைவெளியைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஏதோ ஒரு வகையில் கட்டுகிறார். ஆனால் சொந்த வீட்டில் ஒரு ரூமை விடும் விதவை அம்மாவையும் அதே தராசில் வைப்பதா என்று கேட்டால், கூடாது என்பேன். எத்தனை ரூமுக்கு மேல் வணிகம் என்று ஒரு கோடு வேண்டும். மன்றத்தில் பேச வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது தொழில் உரிமம். டி அண்ட் ஓ லைசென்ஸ் (டேஞ்சரஸ் அண்ட் அஃபென்சிவ் டிரேட்ஸ்) என்று பழைய பெயரிலேயே இன்னும் எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது இந்த உரிமம் வருவது தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தில்; அந்தச் சட்டம் 1998-லேயே வந்தாலும், அதன் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில்தான். லாட்ஜ்காரர் ஒவ்வொரு வருடமும் உரிமம் புதுப்பிக்கிறார், பின்தெருக்காரர் சும்மா இருக்கிறார். லாட்ஜ்காரர்களுக்கு வயிற்றெரிச்சல் வருவதில் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது குப்பை. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள். நோயாளி தங்கும் ரூமின் குப்பை சாதாரண வீட்டுக் குப்பை அல்ல. பெரியவர்களுக்கான டயப்பர், ரத்தம் பட்ட பஞ்சு, இன்சுலின் ஊசி, சலைன் குழாய் என்று ஒரே கறுப்புப் பையில் முடிந்து, காலையில் வண்டி வருவதற்கு முன்பே கேட்டில் தொங்கும். நாய் இழுக்கும். ஒருநாள் எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா கையுறையைக் கழற்றிக் காட்டினார், கட்டைவிரலில் ஊசி ஏறிய புள்ளி. "டாக்டரப் பார்த்தியாக்கா?" என்றால், "தண்ணில கழுவிட்டேன்" என்கிறார். திடக்கழிவு விதிகளில் இந்த மாதிரிக் கழிவைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. ரூம் விடுகிற வீட்டுக்கு ஒரு தனி டப்பா, வாரத்தில் இத்தனை நாள் தனி எடுப்பு, அதற்கு ஒரு கட்டணம் என்று மாநகராட்சி நினைத்தால் ஒரு தீர்மானத்தில் செய்யலாம். என் இரண்டு ரூமுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான்காவது தண்ணீரும் சாக்கடையும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நேரம் நமக்கெல்லாம் தெரியும், மோட்டார் போட்டு உறிஞ்சுகிற வீடுகளும் தெரியும். நாலு பேர் குடும்பத்துக்குக் கொடுத்த இணைப்பில் முப்பது பேர் குளித்தால் தெருக்கோடியில் இருப்பவருக்குக் காற்றுதான் வரும்.

கட்டட அனுமதி ஐந்தாவது. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி குடியிருப்புக்கு வாங்கிய அனுமதியில் லாட்ஜ் நடத்த முடியாது. இதைத் தட்டிக் கேட்க ஆரம்பித்தால் வேலூரில் பாதிப் பேர் மாட்டுவோம் என்பதால் எல்லோரும் மெதுவாக இருமுகிறோம்.

யார் வந்து தங்குகிறார்கள் என்று பார்ப்பது மாநகராட்சி வேலையா?

இல்லை, போலீஸ் வேலை. வெளிநாட்டவர் யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும், சி படிவம் என்று ரூம்காரர்கள் சொல்வது அதைத்தான். லாட்ஜுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், வீட்டில் தங்க வைத்தாலும் பொருந்தும். 2025 செப்டம்பரிலிருந்து புதுக் குடியேற்றச் சட்டம் வந்துவிட்டது, பதிவு செய்யும் கடமை அப்படியே இருக்கிறது. ஆகவே வேட்பாளர் "வெளிநாட்டுக்காரங்களை நான் சரிபார்க்கிறேன்" என்று சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். இன்னொன்று, வங்காளி பேசுகிறவர் எல்லாம் வங்கதேசத்தவர் இல்லை. மேற்கு வங்கமும் திரிபுராவும் இந்தியாதான், இதைக்கூடப் பல தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

கரன்ட் பில், ஜிஎஸ்டி?

இரண்டும் மாநகராட்சி கையில் இல்லை. வீட்டு இணைப்பில் லாட்ஜ் நடத்தினால் மின்வாரியம் கண்டுபிடித்து வணிகக் கட்டணமும் அபராதமும் போடும். மாடிக்குத் தனி மீட்டர் வாங்கிவிடுவது நல்லது. ஜிஎஸ்டி பொறுத்தவரை வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சின்ன ரூம்காரர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. 20 லட்சத்தைத் தாண்டுகிறவருக்கு என் அறிவுரை எதற்கு, ஆடிட்டர் இருப்பார்.

வாடகைச் சட்டம் ஒன்று வந்ததே, அது உதவாதா?

2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டத்தைச் சொல்கிறீர்கள். அது எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிந்து, மாதக் கணக்கில் குடியிருப்பவர்களுக்கானது. நாலு நாள் தங்கி ஐந்தாம் நாள் ரயில் ஏறுகிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

சுற்றுலாத் துறை வழியில் ஹோம்ஸ்டே பதிவு என்று ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் திட்டத்தில் ஒன்றிலிருந்து ஆறு ரூம் வரை, வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். அந்த ஆறு என்ற கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. வேலூருக்குக் கோடு போட நினைப்பவர் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

வெளிநாட்டு ஊர்களில் இதையெல்லாம் தடை செய்கிறார்களாமே?

ஆமாம். நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விட வேண்டுமென்றால் பதிவு வேண்டும், வீட்டுக்காரர் கூடவே இருக்க வேண்டும், இரண்டு விருந்தாளிக்கு மேல் கூடாது. பார்சிலோனா மேயர் 2024-ல், சுற்றுலா ஃபிளாட்களுக்கு இருக்கும் 10,101 உரிமங்களையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தார். நம் பக்கத்தில் கோவாவில் 1982-லிருந்தே சுற்றுலாத் தொழிலுக்குப் பதிவுச் சட்டம் இருக்கிறது.

இதை எடுத்துக்கொண்டு "பார்சிலோனாவிலேயே மூடுறாங்க" என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே வருகிறவர் கடற்கரை பார்க்க வருகிறார். இங்கே வருகிறவர் பயாப்ஸி ரிசல்டுக்குக் காத்திருக்கிறார். வீட்டுக்காரர் கூடவே இருக்க வேண்டும் என்ற நியூயார்க் விதியை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் சென்னையில் இருந்துகொண்டு இங்கே ஒரு பையனிடம் சாவியைக் கொடுத்து நடத்தும் கட்டடங்களில்தான் தொல்லை அதிகம், எங்கள் எதிர்வீடும் அப்படித்தான்.

நான் வாடகைக்குக் குடியிருப்பவன். இதில் எனக்கு என்ன?

உங்களுக்குத்தான் அடி அதிகம். மாதம் 7,000 ரூபாய்க்குக் குடும்பத்துக்கு விட்ட போர்ஷனை மூன்று ரூமாகத் தடுத்து, ரூமுக்கு 400 ரூபாய், மாதம் இருபது நாள் என்று வைத்தாலே 24,000 ஆகிறது. எந்த வீட்டுக்காரர் வேண்டாம் என்பார்? வேலூர் சைதாப்பேட்டையிலும் தோட்டப்பாளையத்திலும் பிறந்து வளர்ந்தவர்கள் சத்துவாச்சாரி, அரியூர் என்று தள்ளிப்போனது இந்தக் கணக்கினால்தான். வேட்பாளர்கள் உங்களைப் பார்த்து அதிகம் பயப்படாததற்கு ஒரு காரணம், அடுத்த தேர்தலுக்குள் நீங்கள் வேறு வார்டுக்குப் போயிருப்பீர்கள் என்பது.

நோயாளிகள் பக்கம் யார் பேசுவது?

யாருமில்லை, அவர்களுக்கு இங்கே ஓட்டு கிடையாது. ஸ்டேஷனில் இறங்கியதும் ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் ரூமில் ஆட்டோக்காரருக்குக் கமிஷன், புரோக்கருக்குக் கமிஷன், அது எல்லாம் வாடகையில் ஏறும். பாத்திரத்துக்குத் தனி, பக்கெட்டுக்குத் தனி, கீமோ முடிந்து வாந்தி எடுத்தால் கழுவுவதற்குத் தனி. போன மழைக்காலத்தில் எங்களிடம் தங்கிய, மேற்கு வங்கத்து மால்டாக்காரர் ஒருவர், முந்தைய ரூமில் அட்வான்ஸ் திரும்பி வரவில்லை என்று ரசீது காட்டினார்: கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம், பென்சிலில் '2000', கையெழுத்து இல்லை. பதிவு, வாடகைப் பட்டியல், முறையான ரசீது என்று வந்தால் முதலில் பிழைப்பவர்கள் இவர்கள்தான்.

வேட்பாளரே ரூம் வைத்திருந்தால்?

இருக்கட்டும், குற்றமில்லை. மறைப்பதுதான் தப்பு. வேட்புமனுவோடு சொத்து விவரம், வழக்கு விவரம் எல்லாம் உறுதிமொழிப் பத்திரத்தில் கொடுக்க வேண்டும், மாநிலத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பார்க்கலாம். மச்சான் பெயரில் இருந்தால் பத்திரத்தில் வராது. அதற்கு டீக்கடைதான் தேர்தல் ஆணையம்.

மேயர் வேட்பாளரிடம் கேட்டால் போதாதா?

2011-ல் மேயருக்கு நேரடியாக ஓட்டுப் போட்டோம். 2022-ல் 60 கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே உங்கள் கையில் இருப்பது உங்கள் வார்டு ஓட்டு மட்டும். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம், வார்டில் ஆளைப் பார்த்துத்தான் போடுகிறோம். 37-வது வார்டில் திருநங்கை கங்கா நாயக் ஜெயித்ததும் இதே ஊரில், அதே தேர்தலில்தான். இன்னொன்று, ராணிப்பேட்டையில் இருக்கும் சிஎம்சியின் புது வளாகத்தைச் சுற்றி முளைக்கும் ரூம்கள் வேறு மாவட்டம், வேறு உள்ளாட்சி. அங்கே இருப்பவர்கள் வேலூர்க் கவுன்சிலரைப் பிடித்துப் பயனில்லை.

சரி, வாசலுக்கு வந்தால் என்னதான் கேட்பது?

"ரூம் பிரச்சினையில் உங்கள் நிலைப்பாடு என்ன?" என்று கேட்காதீர்கள், உருகல் அல்லது உறுமல் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். ஆமாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரிக் கேளுங்கள். வார்டில் நாள் வாடகைக்கு விடும் வீடுகளைக் கணக்கெடுக்கச் சொல்லி மன்றத்தில் தீர்மானம் கொண்டுவருவீர்களா? எத்தனை ரூமுக்கு மேல் வணிக வரி, எண்ணைச் சொல்லுங்கள். ஊசி, டயப்பருக்குத் தனி எடுப்பு கேட்பீர்களா, அதற்கான கட்டணத்தை ரூம்காரர்களிடம் (என்னிடமும்) வசூலிக்க ஒத்துக்கொள்வீர்களா? வீட்டுக்காரர் ஊரில் இல்லாத கட்டடத்துக்குப் பொறுப்பாள் யார் என்று கேட்டில் போன் நம்பரோடு எழுதி வைக்கச் சொல்வீர்களா? "உங்களுக்கோ உறவுக்கோ ரூம் இருக்கா?" என்பதைக் கடைசியில் கேளுங்கள், முதலிலேயே கேட்டால் மற்றதற்குப் பதில் வராது.

பதில் சொன்னால் போனில் ரெக்கார்ட் செய்யலாமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்டவுடனே குரல் மாறுகிறதா என்று பாருங்கள்.

ஜெயித்த பிறகு காணாமல் போய்விட்டால்?

2022-ல் வந்த விதிப்படி வார்டுக்கு ஒரு வார்டு குழு, அதற்குக் கீழே ஏரியா சபா என்று உண்டு. வார்டு குழுவுக்குக் கவுன்சிலர்தான் தலைவர், ஏரியா சபாவில் அந்த ஏரியா வாக்காளர் யாரும் போய்ப் பேசலாம். எங்கள் ஏரியா சபாவுக்கு ஒருமுறை போனேன். பதினேழு நாற்காலி, ஒன்பது பேர், இரண்டு தட்டு மிக்சர். குப்பைப் பையில் ஊசி என்று நான் எழுந்து சொன்னபோது, ரெஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்த தம்பி "ஊசின்னா தையல் ஊசியாண்ணே?" என்று கேட்டான். விளக்கிச் சொன்னேன், எழுதிக்கொண்டான். அடுத்த சபாவில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறேன்.